தலைவர்: நலம்

கீலும் மீன் எண்ணெயும் கலந்த வாடை நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. நம் பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தோணிப் பாய்ச்சீலையில் ஒரு துண்டு வெட்டி அதற்கு அட்டை தைத்துக் கொடுத்தாரே தோணி ஓட்டிய தண்டல், அதே குறிப்பேடு. கடற்காற்றில் காகிதம் நமத்துப்போகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் நான் புலம்பியதைக் கேட்கச் சகிக்காமல் அவர் செய்த வைத்தியம் அது. காகிதம் மஞ்சளித்துவிட்டது, என் மை பழுப்பேறிவிட்டது, பாய்ச்சீலை மட்டும் இன்றைக்குத்தான் தோணியிலிருந்து இறக்கியதுபோல மணக்கிறது. "ஏளா, உன் எழுத்துக்குக் கருவாட்டு வாசம் அடிக்கி" என்று அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நீ.

நாம் தொடங்கிய வியாழக்கிழமை வீட்டுக்கு ஆண்டுவிழா வருகிறது. மலர் போடுகிறார்கள். இப்போது செயலாளராக இருப்பவள் கெட்டிக்காரப் பெண். குறிப்பேட்டையும் மலரின் அச்சுப்படியையும் மேசையில் வைத்து, பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சருக்கு ஊரில் மிச்சமிருக்கும் உத்தியோகம் அது ஒன்றுதான். முதல் தலைவர் என்று உன்னைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. நல்ல நடை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வரி இப்படி முடிகிறது: "மஞ்சள் காமாலையால் உடல்நலம் குன்றியதால் பொறுப்பிலிருந்து விலகினார்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குறிப்பேட்டில் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறாள். குறிப்பேட்டில் எழுதியவள் நான்.

நாம் அந்த வீட்டைத் திறந்தபோது புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உப்பள அண்ணாச்சி, உப்பு மூட்டை அடுக்கிய தன் பழைய கிட்டங்கியில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் சுவரில் உப்புப் பூத்தது. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாழக்கிழமைதான் உனக்கு விடுப்பு. ஆகவே வியாழக்கிழமைதான் நம் வீடு திறந்திருக்கும். மனநலச் சங்கம் என்று நாம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் வியாழக்கிழமை வீடு என்றார்கள். முத்தையாபுரத்திலிருந்தும் வேம்பாரிலிருந்தும் பஸ் ஏறி, மனம் பேதலித்த பிள்ளையையோ புருஷனையோ கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்தால் பெஞ்சில் உட்காரலாம், பேசலாம், கஞ்சி குடிக்கலாம், டாக்டரிடம் காட்டலாம். பேச மனமில்லாதவர்கள் சும்மா இருக்கலாம். அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. அதுகூட அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வேறு எங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உன்னை அதற்குள் இழுத்துவிட்டது உன் தம்பி. பதினேழு வயதில் அவனுக்குப் பேச்சு மாறிப்போனது. குசினிக்குப் பக்கத்து அறையில் தூணோடு சேர்த்து உன் அப்பா அவனைச் சங்கிலியில் கட்டிவைத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை என்று நீ எல்லாரிடமும் முதலில் சொல்லிவிடுவாய். அவனுக்குக் கால் அறுக்கக் கூடாதென்று சங்கிலியின் உள்பக்கம் தான் உடுத்திய பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தாராம். அப்பா போன பிறகு நீயே ஆள் கூட்டிவந்து சங்கிலியை அறுத்தாய். வியாழன்தோறும் அவனும் உன்னோடு வந்து, தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வரிசையாக அடுக்குவான். ஒரு தம்ளர் கோணியிருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குவான்.

என்னை இழுத்தது என் அக்கா. நாசரேத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் வாத்தியார்கள். அக்காவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மனம் கலங்கியபோது, மூளைக் காய்ச்சல் என்று சொல்லி உள்ளறையில் வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் சங்கிலி போட்டார்கள், எங்கள் வீட்டில் நல்ல தமிழில் ஒரு பெயரைப் போட்டு மூடினோம். இதை உன்னிடம் நான் சொன்ன அன்றைக்குத்தான் நீ வாசல் போர்டை எழுத வைத்தாய். பெயின்டர் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினான்: "இந்த வீட்டில் நோய்க்கு அதன் சொந்தப் பெயர்தான்."

கமிட்டியில் நாம் ஐந்து பேர். தலைவர் நீ, செயலாளர் நான். இடம் கொடுத்த உப்பள அண்ணாச்சி. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டாக்டர். பிறகு தண்டல், நாற்பது வருஷம் கொழும்புக்குத் தோணி ஓட்டிவிட்டுக் கரையேறிய மனுஷர். அவர் கையெழுத்துப் போடுவதற்குள் நான் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு, டாக்டரின் பஸ்ஸுக்கு முன்னால், நமக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேரத்தின் தொடக்கத்தில் நீ ஒரு வழக்கம் வைத்தாய். வேறு எந்தச் சங்கத்திலும் அப்படி ஒன்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, அந்த வாரம் எப்படித் தூங்கினார் என்று கேட்பாய். அவர் சொல்லுவதை நான் அவர் பெயருக்கு நேரே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற விஷயம்.

டாக்டர்தான் முதலில் முகம் சுளித்தார். கமிட்டி என்றால் கமிட்டி மாதிரி இருக்க வேண்டாமா என்றார். நீ விடவில்லை.

"வாரவங்ககிட்ட எல்லாத்தையும் தொறந்து சொல்லுங்கனு கேக்கோம். நாம அஞ்சு பேரு நமக்குள்ள சொல்ல மாட்டோம்னா அது என்ன நியாயம், டாக்டர்? மொதல்ல கெடுறது தூக்கந்தானு நீங்கதான சொன்னிய?"

உன் அப்பா சங்கு குளித்தவர். மேலே தோணியில் அவருக்குக் கயிறு பிடித்தவர் உன் மாமா. கீழே இருப்பவர் இழுக்கட்டும் என்று மாமா காத்திருக்க மாட்டாராம். தானே மெல்ல ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாராம். பதிலுக்கு ஓர் அசைவு வந்தால் நிம்மதி. அதையும் அன்றைக்குச் சொன்னாய். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தான் நாலு நாள் தூங்கியதாகவும் மூன்று நாள் புரண்டதாகவும் சொன்னார்.

முதலில் எல்லாருக்கும் கூச்சம். அண்ணாச்சி, தாசில்தாரிடம் மனு கொடுப்பவர்போல எழுந்து நின்று "ஆறு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். தண்டல் மட்டும் வஞ்சகமில்லாமல் பேசுவார். கட்டில் ஆட மாட்டேன் என்கிறது, ஆடாத கட்டிலில் மனுஷன் எப்படித் தூங்குவது என்று கேட்பார். நாம் சிரிப்போம். ஆனால் அந்த வழக்கம் விளையாட்டு இல்லை என்பது ஒரு நாள் தெரிந்துபோனது. அண்ணாச்சி எழுந்து நின்றார். வழக்கமான "ஆறு மணி நேரம்" வரவில்லை. மகளுக்குப் பேசிமுடித்த கல்யாணம் தட்டிப்போயிருந்தது. ஊருக்கே படியளக்கிற குரலில் பேசும் மனுஷர், "மூணு நாளா கண்ணு மூடல, நர்சம்மா" என்று சொல்லிவிட்டு நின்றபடியே அழுதார். மறுநாளிலிருந்து ஒரு வாரம், தண்டல் அவருடைய உப்பளக் கொட்டகைக்குப் போய்ப் பேச்சுத் துணையாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் பேசவில்லை என்றார்.

எல்லாரையும் கேட்டாய். உன் முறை வரும்போது மட்டும் "சரி, விஷயத்துக்கு வருவோம்" என்று காகிதத்தைப் புரட்டிவிடுவாய். கேட்கிறவளாகவே இருந்ததால் உன்னைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் ஒரு தடவை தோன்றியது. அதுகூட அக்கறையால் அல்ல. வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் என் கண்ணுக்கு உறுத்தும். தலைவருக்கு என்ன எழுத என்று கேட்டேன்.

"எனக்கென்னளா. நலம்னு போட்டுக்க."

போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். பிறகு ஒரு சௌகரியம் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மணியடிக்கும்வரை எனக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அன்றைய பக்கத்தின் தலைப்பு, கிழமை, ஐந்து பேரின் பெயர் எல்லாவற்றையும் அப்போதே எழுதிவைத்துக்கொள்வேன். நாலு பெயருக்கு நேரே இடம் விட்டிருப்பேன். உன் பெயருக்கு மட்டும் இடம் விட வேண்டியதில்லை. தலைவர்: நலம். பென்சில் கோடு போட்டு, முத்து முத்தாக, நீ சொல்லும் முன்பே.

அந்த ஐப்பசி மழையில் உன் தம்பிக்குச் சளிக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. நர்ஸான நீ பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை, போய்விட்டான். ஏழாம் நாள் பூசை முடிந்து வந்த வியாழக்கிழமை, நீ வர மாட்டாய் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நான்தான் பூட்டைத் திறக்கலாம் என்று போனேன். எனக்கு முன்னால் கதவு திறந்திருந்தது. தம்ளர்களை நீ கழுவி அடுக்கியிருந்தாய். சாயங்காலம் கமிட்டி கூடியது. நீ வழக்கம்போல டாக்டரிலிருந்து ஆரம்பித்தாய். எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டாய். நாங்களும், அவமானம், பதில் சொன்னோம். என் மடியில் குறிப்பேடு விரிந்திருந்தது. பேனா கையில் இருந்தது. மத்தியானமே எழுதிய அந்த ஒரு சொல்லை நான் அப்போது பார்த்தேன். அடித்துவிட்டு உன்னைக் கேட்டிருக்கலாம். பக்கம் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு உன்னிடம் என்னென்ன மாறின என்பதை இப்போது என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். விடியும் முன்னே வந்து கதவைத் திறந்தாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கழுவிய தம்ளரைக் கழுவினாய். பாகு போல டீ குடிக்கும் நீ சர்க்கரையில்லாத டீயைக் குடித்துவிட்டு வித்தியாசம் தெரியாமல் தம்ளரை வைத்தாய். ஒரே நீலக் கரைச் சேலை நாலு வியாழன் வந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்துவிட்டு, என்ன நெஞ்சுரம் இவளுக்கு என்று மெச்சினோம். டாக்டரே சொன்னார். வேறு யாராவது ஒரு பெண்ணை இதே கோலத்தில் அவள் அம்மா கூட்டிவந்திருந்தால், வாசலிலேயே நாம் கண்டுபிடித்திருப்போம். ஊரார் மனத்தைப் பார்க்கத் தெரிந்த ஐந்து பேரில் நாலு பேருக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் தெரியவில்லை. ஐந்தாவது ஆள் நீ. நீயும் உன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை. அன்றைய பக்கம் குறிப்பேட்டில் இருக்கிறது. கிழமை, ஐந்து பெயர், தலைவர்: நலம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதை எழுதி மை உலரட்டும் என்று நான் ஊதிக்கொண்டிருந்த நேரத்தில், நீ பழைய துறைமுகத்துப் பக்கம் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்திருந்தாய். காலில் செருப்பில்லை. நிழல் நகர நகர நீ நகரவில்லை. தண்டல் வந்தபோது முழு வெயிலில் இருந்தாயாம். வீடு திறக்கவில்லை, சனங்கள் தெருவில் நிற்கிறார்கள் என்று அவர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தார். உன் கையில் ஒரு பழைய கயிற்றுத் துண்டு. கடலைப் பார்த்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாயாம்:

"கயிறு அசையவே இல்ல, தண்டல்."

அவர் உன்னை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மெல்ல ஒரு தரம் இழுத்தாராம். அப்போதுதான் நீ அழுதாய். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது அவர் வாசலில் நின்று இதைச் சொன்னார். என் கைப்பையில் குறிப்பேடு இருந்தது.

டாக்டர் தனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு, கடற்கரையை விட்டு உள்ளே, உன்னை அனுப்பிவைத்தார். அது சரியான காரியம். தப்பான காரியம் அதற்கு அடுத்த நாள் நடந்தது. நாலு பேரும் கூடினோம். தலைவருக்கே புத்தி கலங்கிவிட்டது என்று தெரிந்தால் நம்பி வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள், பெண்களை அனுப்ப மாட்டார்கள், வீட்டையே மூட வேண்டிவரும் என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். டாக்டர் தரையைப் பார்த்தார். தண்டல் மட்டும் வாசல் போர்டைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பேசும்போது அவர் பாதியில் நிறுத்திவிடுவார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுப் படிப்பு கைகொடுத்தது. மஞ்சள் காமாலை என்றேன். பத்தியம் இருக்க வேண்டும், நெடுநாள் ஓய்வு வேண்டும், யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, எல்லாம் பொருந்திவந்தது. அந்தச் சொல் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாதம் நீ திரும்பி வந்தாய். இளைத்திருந்தாய். ஆனால் கண் தெளிந்திருந்தது, நடை பழைய வேக நடை. வாசலில் வைத்தே முத்தையாபுரத்து அம்மா ஒருத்தி, "காமாலை நல்லாப் போயிட்டா, நர்சம்மா?" என்று கேட்டாள். நீ போர்டை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு கதவருகில் நின்ற என்னைப் பார்த்தாய். அவளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்தவள் உன் நாற்காலிக்குப் போகவில்லை. வந்திருந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்களோடு கஞ்சி குடித்தாய்.

சாயங்காலம் தீர்மானத்தை உன்னிடம் நீட்டினோம். அதையும் மத்தியானமே எழுதிவைத்திருந்தேன். அண்ணாச்சி மிகவும் தயவாகப் பேசினார். நீ நெடுநாள் ஓய்வெடுக்க வேண்டும், உன் பேர் என்றைக்கும் இந்த வீட்டில் இருக்கும் என்றார். நீ ஒவ்வொரு வரியாகப் படித்தாய்.

"காமாலைனு எழுதுனது யாரு?"

நான்தான் என்றேன்.

"கையெழுத்து எப்பவும்போல அழகாத்தான் இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். திட்டியிருந்தால் தேவலை. நீ திட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வேம்பாருக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போனாய். அடுத்த வியாழக்கிழமை கமிட்டி கூடியது. அண்ணாச்சிக்குத் தலைவர் நாற்காலி. நேராக விஷயத்துக்கு வந்தோம். கொஞ்ச நேரம் போன பிறகு தண்டல் தொண்டையைக் கனைத்தார். நர்சம்மா கேட்பதுபோல இன்றைக்கு யாரும் கேட்கவில்லையா என்றார். பிறகு அவரே என் பக்கம் திரும்பினார். டீச்சர் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டார். பங்குனியிலிருந்து ஒரு நாளும் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னேன். சொன்னதை நானே என் பெயருக்கு நேரே எழுத வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, கேட்டு முடிக்கும் முன்னால் எல்லார் வரியும் காலியாகத்தான் இருக்கும். கேட்கிற ஆளை முதலில் கேட்க வேண்டும் என்பதும் அன்றைக்கு வந்ததுதான். இன்றும் அந்த வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. ஏன் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் கழித்து வேம்பாருக்கு உன்னைப் பார்க்க வந்தேன். வர ஒரு வருஷம் ஆனது. உன் அக்கா மீன் குழம்பு வைத்தார். நீ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாய். உப்பளத்தில் அந்த வருஷம் மழை கெடுத்ததைப் பேசினோம். புதுத் துறைமுகத்துக்கு வந்துபோகும் பெரிய கப்பல்களைப் பேசினோம். வீட்டைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டாய்; யார் யார் வருகிறார்கள், யாருக்குக் குணமாயிற்று என்று பெயர் சொல்லி விசாரித்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். மீன் குழம்பு நன்றாயிருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். பஸ் ஏற்றிவிட நீ ரோடு வரைக்கும் வந்தாய். வெள்ளையாகக் குவித்திருந்த உப்பு கண்ணைக் கூச, இரண்டு பேரும் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அப்போது கேட்டாய்:

"ஏளா, நீ தூங்குதியா?"

"தூங்குதேன்" என்றேன். பொய். திருப்பிக் கேட்க எனக்கு மூன்று நிமிஷமாவது இருந்தது. கண்டக்டர் இறங்கி, மீன் கூடைகளை மேலே ஏற்றி, டிரைவர் ஒரு சுருட்டு வாங்கிவரும்வரை பஸ் நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீ வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாய். கரையோர ரோடு உடைந்து கிடந்ததால் கடிதம் நான்கு நாள் பிந்தி வந்தது. நான் வந்தபோது கல்லறையில் மண்ணும் காய்ந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி, டாக்டர், தண்டல் என்று ஒவ்வொருவராக அவர்களும் போனார்கள். அந்த ஐவரில் இப்போது நான் மட்டும். மஞ்சள் காமாலை ஒரு பொய் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதும், நான் போனால் அதுவே நிஜமாகிவிடும் என்பதும், நேற்று அந்த அச்சுப்படியைப் படித்தபோதுதான் உறைத்தது.

இன்று காலை உன் அக்கா மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். ஐம்பது வருஷமாக மறைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடி மலரில் போடட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீயே சொல்லியிருக்கிறாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தே.

"சித்தி எழுதி வச்ச போர்டுதான டீச்சர் அது. அவங்களுக்கு மட்டும் வேற பேரா?" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். சிவப்பு மையில், பக்கம் அசிங்கமாகும்படி அடித்தேன். தம்பி இறந்த துக்கத்தில் மனநோய் கண்டு, சிகிச்சை பெற்றுக் குணமாகித் திரும்பினார் என்றும், திரும்பி வந்தவரை அவருடைய நாற்காலியில் உட்காரவிடாமல் கமிட்டி அனுப்பிவைத்தது என்றும் எழுதினேன். அவருடைய நோய்க்கு வேறு பெயர் எழுதியவர் அன்றைய செயலாளர் என்றும் எழுதினேன். எழுத்து முன்போல இல்லை. நாளைக்கு அந்தப் பெண் வந்து படித்துவிட்டு, இதையெல்லாம் போட வேண்டுமா என்று கேட்பாள். வாசலில் இருக்கும் போர்டை ஒரு தரம் வாசித்துவிட்டு வா என்று சொல்லுவேன்.

இனி எனக்கு எந்தப் பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை. குறிப்பேட்டில் கடைசியில் சில பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். இன்று வியாழக்கிழமை. செயலாளர்: இந்த வாரம் நாலு நாள் தூங்கினேன், மூன்று நாள் இல்லை. அதற்கு மேல் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன், உன் பெயர் எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல். ஏளா, நீ எப்படித் தூங்கினாய்?